சுப்புத்தாய் உடுத்திய நைலான்

பக்கத்து அறையிலிருந்து சரசரவென்று ஒரு சத்தம் வந்தது. முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த சுப்புத்தாயின் கை அப்படியே நின்றது. பாயைச் சுருட்டும் சத்தமல்ல, காகிதம் கசங்கும் சத்தமுமல்ல. நைலான் துணி நைலானோடு உரசும் சத்தம். உறக்கத்தில் கேட்டாலும் அவளை எழுப்பி உட்கார வைத்துவிடும் சத்தம் அது.

கத்தியோடு எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். கனடாவிலிருந்து பொங்கலுக்கு வந்திருந்த மகள் கீர்த்திகா, கழுத்து முதல் கால் வரை பளபளக்கும் சிவப்பு உடுப்பில் கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள்.

சுப்புத்தாய் மகளின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து அறைந்தாள். இரண்டாவது அறையில் உதடு கிழிந்து ரத்தம் எட்டிப் பார்த்தது. கத்தி அந்த உடுப்பின் கையைத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை பிளந்தது. உள்ளே அடைத்திருந்த வெள்ளைப் பஞ்சு பிதுங்கிக்கொண்டு வந்தது.

"கழட்டு," என்றாள். பெற்றவள் குரலாக இல்லை அது.

தாயில்பட்டிச் சாலையில் இருக்கும் பட்டாசுக் கம்பெனியில் அவளுக்கு 'அறைச்சுப்பு' என்றுதான் பெயர். முன்னால் யாரும் சொல்லமாட்டார்கள். கம்பெனி புருஷனின் அண்ணனுடையது. காலையில் வேலைக்கு வரும் பெண்களை வாசலில் நிறுத்திச் சோதிப்பது அவள் பொறுப்பு. சேலைத் தலைப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பாள். பருத்தி என்றால் உள்ளே விடுவாள். நைலானோ பாலியெஸ்டரோ என்றால் விரல் சொன்ன மறுகணம் கை பேசும். வெடிமருந்து அறையில் அந்தத் துணி உரசினால் பொறி பறக்கும் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் கட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்ய? அன்று காலையிலும் செல்லத்தாய் என்ற பெண், மேலே பருத்திச் சேலையும் உள்ளே நைலான் பாவாடையுமாக வந்து மாட்டிக்கொண்டாள். லோடு லாரிக்காரர்கள் பார்த்திருக்க விழுந்த அறையில் அவள் காது கிழிந்து தோடு மண்ணில் தெறித்தது.

சுப்புத்தாய் இப்படிப் பிறந்தவள் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் கோழி அறுப்பதைக்கூடப் பார்க்கமாட்டாள். அவளை இப்படி ஆக்கியது ஒரு சட்டை. புருஷன் கண்ணுச்சாமி, சாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தவன், உடுத்திய பாலியெஸ்டர் சட்டையை மாற்றாமல் காயவைத்த மருந்தை எட்டிப் பார்க்கப் போனான். அறை வெடித்து ஓடு பறந்தது. சட்டையில்தான் பொறி கிளம்பியதா என்று யாரும் நிச்சயமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சட்டை உருகி அவன் முதுகில் மெழுகாக ஒட்டியதை அவள் பார்த்தாள். ஓடிப்போய் இரண்டு கையாலும் பிடித்து உரித்தாள். துணியோடு தோலும் வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் உயிர் போகும் வரை அவன் குப்புறத்தான் கிடந்தான். அவளது உள்ளங்கைகள் வெந்து சுருங்கி, ரேகைகள் எல்லாம் அழிந்துவிட்டன.

அப்பேர்ப்பட்டவள்தான் மகளோடு கனடா மலையில் பனி வண்டி ஓட்டச் சம்மதித்திருந்தாள். கீர்த்திகாவுக்கு அதுதான் முதல் மலைப் பயணம். மேற்கே ரெவல்ஸ்டோக் என்ற ஊரில் வண்டிகளும் வழிகாட்டியும் ஏற்பாடாகிவிட்டன. கரிசல் ரோட்டில் பட்டாசுப் பெட்டி கட்டி மொபெட் ஓட்டுகிறவளுக்கு ஸ்னோமொபைல் ஒரு பொருட்டா என்று மகள் கேலி பேசியே மனசைக் கரைத்தாள். விசா வந்தது. சுப்புத்தாய் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, தடித்த பருத்தியில் பனியன், பாவாடை, காலுறை என்று தானே வெட்டித் தைத்துப் பெட்டியில் அடுக்கினாள். போன வருஷம் மகளுக்கும் ஒரு பார்சல் அனுப்பியிருந்தாள், இதைத் தவிர வேறு துணி உடம்பில் படக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு.

இப்போது கீர்த்திகா கிழிந்த உடுப்பைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தாள். உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள். அழவில்லை. தரையில் உட்கார்ந்து வலது காலுறையை உருவினாள். வந்ததிலிருந்து வீட்டுக்குள்ளும் காலுறையோடுதான் திரிந்தாள். குளிர் நாட்டுப் பழக்கம் என்று தாய் சிரித்திருந்தாள்.

சுண்டுவிரலும் அடுத்த விரலும் இருந்த இடத்தில் வழுவழுப்பான தழும்பு மட்டும் இருந்தது.

சுப்புத்தாயின் கையிலிருந்த கத்தி தரையில் விழுந்தது.

போன பனிக்காலத்தில் உறைந்த ஏரியொன்றில் வண்டி ஓட்டப் பழகியபோது, பனிக்கடியில் கிடந்த தண்ணீரில் கால் இறங்கியதையும், கரை சேர்வதற்குள் விரல்கள் உறைந்து, பிறகு கறுத்துப்போனதையும், டாக்டர் அவற்றை வெட்டி எடுத்ததையும் கீர்த்திகா அடங்கிய குரலில் சொன்னாள். அந்தக் குளிரில் பருத்தி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடுமாம். கம்பளியும் நைலானும்தான் அங்கே உயிர் காக்குமாம்.

"அன்னைக்குக் கால்ல கெடந்தது நீ தச்சு அனுப்புன சாக்ஸுதாம்மா. சத்தியம் பண்ணிட்டேன்ல."

சுப்புத்தாய் அந்தத் தழும்பைத் தொட்டாள். ரேகையில்லாத உள்ளங்கைக்குள் விரலில்லாத பாதம் அடங்கியது. தலையைச் சுவரில் முட்டினாள், ஒரு முறை, மறுபடியும். மகள் இடையில் கையை நுழைத்து மறித்தாள்.

ரெவல்ஸ்டோக்கில் வெறும் பள்ளம் மேடு அல்ல, மலைப்பனியே சரிந்து இறங்கும் என்றாள் மகள். பனியில் புதைந்தவளுக்கு வெளியாள் வந்து சேருமுன் மூச்சு நின்றுவிடும். மார்பில் கட்டிய கருவியின் சமிக்ஞையைப் பிடித்து, நீளக் கம்பியால் குத்திப் பார்த்து, மண்வெட்டியால் தோண்டி எடுக்கக் கூட வந்தவர்களால்தான் முடியும். அதற்குத்தான் முதலில் பயிற்சி வகுப்பு. பிறகு பெட்டியிலிருந்து நீல நிற நைலான் உடுப்பொன்றை எடுத்துத் தாயின் மடியில் வைத்தாள்.

"உனக்கு எடுத்தது. ஒருக்காப் போட்டுப் பாரு. முடியலேன்னா உன் டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டு நா மட்டும் போறேன்."

சுப்புத்தாய் கண்ணை மூடிக்கொண்டு காலை நுழைத்தாள். சரசரப்பு முழங்கால் ஏறியது, இடுப்பு ஏறியது. கைகளையும் நுழைத்தாள். முதுகில் துணி பட்டதும் கண்ணுச்சாமியின் முதுகு கண்ணுக்குள் வந்துவிட்டது. பற்கள் கிட்டித்தன. பிய்த்தெறிய அவள் விரல்கள் கழுத்துப்பக்கம் போன நேரம், வாசல் கதவு உதை வாங்கியது.

"வெளிய வாங்க மொதலாளியம்மா."

செல்லத்தாயின் புருஷன் கோட்டைச்சாமி. கையில் விறகுக்கட்டை. சுப்புத்தாய் உடுப்போடேயே போய்க் கதவைத் திறந்தாள். அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"உள்பாவாட நைலானுன்னு ஊரு பாக்க எம் பொண்டாட்டி காதக் கிழிச்சீகளே. இப்ப நீங்க மாட்டியிருக்கது என்ன, கதர்ச் சேலையா?"

"நைலானுதான்."

"வெக்கமா இல்ல?"

"கட்டையக் கீழ போடு கோட்டைச்சாமி. கையால அடி. நானும் கையாலதான் அடிச்சேன்."

கட்டை விழுந்தது. அவன் அறைந்தான். அவள் தலை கதவு நிலையில் மோதியது. பாய்ந்து வந்த கீர்த்திகாவை ஒரு கையால் பின்னுக்குத் தள்ளினாள் சுப்புத்தாய். காதோரம் ரத்தம் இறங்கி நீலத் துணியில் சொட்டியது.

"எங் கையி அவ காதுக்குச் செஞ்சது தப்பு. வைத்தியச் செலவு என்னுது. ஆனா நாளைக்கு அதே பாவாடையோட வந்தா உள்ள விடமாட்டேன். மறுபடி நீ வந்து அடி, வாங்கிக்கிடுறேன். என்னய மாதிரி அவ முதுகுத்தோல நீ உரிக்க வேண்டாம்."

கோட்டைச்சாமியின் பார்வை அவளது கைகளுக்கு இறங்கியது. அவற்றின் கதை அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. அவன் தன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"பெறகு இத மாட்டிக்கிட்டு எங்கன போறீக?"

"எம் மக பனி மலைக்குப் போறா. பொதஞ்சு போனா கூட இருக்கவுகதான் தோண்டணுமாம்." சுப்புத்தாய் கழுத்துக்குக் கீழே நின்றிருந்த ஜிப்பைப் பிடித்து மோவாய் வரை ஏற்றினாள். "அங்கன இதத்தான் போடணுமாம்."

அவன் குனிந்து விறகுக்கட்டையை எடுத்துக்கொண்டான். படியிறங்கும்போது, செல்லத்தாய்க்குப் பருத்தியில் சீட்டித்துணிப் பாவாடை ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் துவைத்துக் காயவில்லை என்று தெருவைப் பார்த்தபடி முணுமுணுத்தான்.

சுப்புத்தாய் திரும்பி, கனடாவுக்கென்று அடுக்கி வைத்திருந்த பெட்டியைத் திறந்தாள். தான் தைத்த பருத்திப் பாவாடைகளை மொத்தமாக அள்ளி வந்து அவன் தோளில் போட்டாள். அவன் திரும்பிப் பாராமல் தெருமுனை வரை நடந்தான். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.