மாத்திரைக்கும் பாடு உண்டா?

"கழுத்துக்குத் தின்ற மாத்திரை நெஞ்சுல போய் இன்னாடி பண்ணும்? நாலு எழுத்து படிச்சதும் டாக்டராயிட்டியா?" என்று மாமா என்னைக் கேட்டார். நான் அப்போது நான்காம் வகுப்பு. எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள். அதனால் கோபம் வந்தது.

அம்மாவுக்குத் தைராய்டு குறைவு. கழுத்து வீங்கி, உடம்பு ஊதி, சித்திரை வெயிலிலும் குளிருகிறது என்பாள். பொன்னேரி டாக்டரம்மா, விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போடச் சொல்லி டப்பா கொடுத்தார். அம்மா தேறினாள். அந்த வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஏரியைத் தாண்டிப் பொன்னேரிக்குப் போக முடியவில்லை. டப்பா காலியாகி ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது.

எங்கள் மீனவக் குப்பத்தில், ஏரியில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று முறை உண்டு. அதைப் பாடு என்போம். புயலில் ஒருவரின் பாடு போனால் பெரியவர்கள் பிறகு அதைச் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். புது டப்பா வந்ததும் அம்மா அந்த நியாயப்படியே தினமும் மூன்று மாத்திரை போட்டாள். ஒன்று அன்றைய பாடு, மற்ற இரண்டும் விட்டுப்போன பாடு. நைனாவும் சரிதான் என்றார்.

முதலில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா பம்பரமாகச் சுற்றினாள். பிறகு இறால் உரிக்கும் கை நடுங்கியது. வியர்த்துக் கொட்டியது. தூக்கம் போயிற்று. அவள் மார்பில் காது வைத்தால் படகு மோட்டார் ஓடுவது போலிருக்கும். அதுவும் சீராக ஓடாது, விக்கி விக்கி ஓடும்.

"உச்சி வேளைல டச்சுக்காரன் கல்லறைப் பக்கம் போனியாக்கா?" என்றார் மாமா. எங்கள் ஊரில் இருக்கும் அந்தப் பழைய கல்லறை வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். அதுதான் அம்மாவுக்குள் புகுந்து தட்டுகிறது என்று நானும் பயந்தேன். ஆனாலும், "மாத்திரை நெறைய போட்ட அப்புறம்தானே இப்படி?" என்று வாயை விட்டேன். அதற்குத்தான் மாமாவின் அந்தக் கேள்வி. அம்மா கையில் கறுப்புக் கயிறு ஏறியது. மாத்திரையும் நிற்கவில்லை.

ஒருநாள் மீன் காயப்போட்ட இடத்திலேயே அம்மா சரிந்து விழுந்தாள். பொன்னேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா கழுத்தைத் தொடவே இல்லை. நெஞ்சில் வயர்களை ஒட்டினார். கழுத்து வியாதிக்குத் தப்பான இடத்தைப் பார்க்கிறாரே என்று எனக்கு ஆத்திரம்.

"எத்தனை மாத்திரை போட்ட?"

"மூணும்மா. வுட்டுப்போனதச் சேத்துப் புடிக்க வேணாவா?" என்றாள் அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே.

"இது என்ன ஏரிப் பாடா? இவ்வளவு போட்டா இதயம் தறிகெட்டு ஓடும். நின்னே போயிருக்கும்."

"அப்ப மாத்திரையே வேணாம்மா, வுட்டுடறோம்," என்றார் நைனா.

"விட்டாலும் இதயத்துக்குத்தான் கெடுதல். மந்தமாயிடும்."

நைனா முழித்தார். "தின்னாலும் நெஞ்சு, தின்னாட்டியும் நெஞ்சா? இன்னாம்மா வியாதி இது?"

"கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும். மறுபடி எப்ப ஆரம்பிக்கணும்னு நான் சொல்றேன். அப்புறம் தினம் ஒண்ணே ஒண்ணு. ஆயுசு முழுக்க."

ஆயுசு முழுக்க என்றதை நான் என் கணக்கில் புரிந்துகொண்டேன். டப்பாவில் மாத்திரை இருக்கும்வரைதான் அம்மா இருப்பாள். வீடு திரும்பி அம்மா மறுபடி மாத்திரை தொடங்கியதும், காலையில் டப்பாவை ஆட்டிப் பார்ப்பேன். சத்தம் குறையக் குறைய எனக்குச் சோறு இறங்காது. அது தீருமுன் நைனா புது டப்பா வாங்கி வந்த அன்று, "எங்கம்மாவுக்கு இன்னொரு ஆயுசு வந்துடுச்சு" என்று குப்பம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்று தெரியவில்லை.

ஒரே மாத்திரை எப்படி ஆளை எழுப்பவும் சாய்க்கவும் செய்கிறது என்பதும் அப்போது புரியவில்லை. அதைப் படிக்கத்தான் இப்போது பார்மசி கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன். வெள்ளைக் கோட்டு தைக்க நேற்று அளவு கொடுத்தாயிற்று.