தங்கைக்கு வஞ்சிரம் வேண்டாம் என்றேன்

என் தங்கைக்கு நான்காம் மாதம் நடந்தபோது அவள் வயிற்றில் தங்கிய ஒரே உணவு மீன். இட்லி, கீரை, முட்டை எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்துவிடும். மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்தால் மட்டும் ஒரு தட்டுச் சோறு உள்ளே போய் உள்ளேயே இருக்கும்.

அவளைக் கட்டிக்கொடுத்திருப்பது பிள்ளையார்பாளையத்தில். நாங்கள் ஏனாத்தூர் பக்கம். தலைப்பிரசவம் முடிகிறவரை பெண்ணின் வாய்க்குப் பிடித்ததைத் தாய்வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வழக்கம். புதனும் ஞாயிறும் டிபன் கேரியரை வண்டியில் மாட்டிக்கொண்டு போவது என் வேலை.

கேரியரைத் தங்கையின் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், நேராக அடுப்படிக்குக் கொண்டுபோக மாட்டார். வாசலிலேயே வைத்து, எதிர்வீட்டுக்காரியும் பக்கத்து வீட்டுக்காரியும் பார்க்கத் திறப்பார். “சம்மந்தி வூட்ல இருந்து வஞ்சரம் வந்துகீது” என்பார். துண்டின் கனத்தில் எங்கள் குடும்பத்தின் கௌரவம் இருந்தது. அதனால் அம்மா நடுத்துண்டாக, இரண்டு விரல் தடிமனில் கேட்டு வாங்குவார். வஞ்சிரம் கிடைக்காத நாளில் சுறாப்புட்டு போகும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம், கல்லூரி என்று போனவன் நான் ஒருவன்தான். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியின் லேபில் வேலை. அங்கே ஒரு நாள் பழைய தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் தரையில் ஓடியது. அதற்காக எங்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார்கள். எடுத்தவர் போகிற போக்கில், மீனிலும் பாதரசம் உண்டு, கர்ப்பிணிகள் பார்த்துச் சாப்பிட வேண்டும் என்றார். எனக்கு அதற்குமேல் வகுப்பு காதில் ஏறவில்லை.

அன்று கம்பெனி பஸ்ஸில் வீடு வரும்வரை போனில் படித்துக்கொண்டே வந்தேன். கடலில் கலக்கும் பாதரசம் சின்ன மீனுக்குள் கொஞ்சம் போகிறது. சின்ன மீன்களைத் தின்னும் பெரிய மீனுக்குள் அது சேர்ந்துகொண்டே வருகிறது. சுறா, வஞ்சிரம் போன்றவற்றில் அதிகம். கர்ப்பிணி அவற்றை அடிக்கடி சாப்பிட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம். கழுவினாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. நெத்திலி, கவலை மாதிரிச் சின்ன மீன்களுக்கு அந்தப் பயம் குறைவு, அவை உடம்புக்கு நல்லதும்கூட. இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அம்மாவிடம் சொன்னேன்.

“உன்ன வயித்துல வச்சிக்கினு நான் சுறாதான்டா துன்னேன். நீ டிகிரி வாங்கல?”

“அப்ப வாரத்துக்கு ரெண்டு வாட்டியாம்மா துன்ன? மாசத்துக்கு ஒரு வாட்டி வாங்கியிருப்பீங்களா?”

“அதான், நான் துன்னாததயாவது என் பொண்ணு துன்னட்டுமே.”

அப்பா இன்னொரு பக்கத்திலிருந்து, “மஞ்சளும் புளியும் போட்டா எந்த நஞ்சும் முறிஞ்சிடும்பா” என்றார். முறியாது என்று சொன்னேன். எப்படி முறியாது என்று கேட்டார். போர்டில் எழுதிக் காட்டாத குறையாக விளக்கினேன். முடிவில், “எல்லாஞ் சரி, புளி நல்லா கரைச்சு வுட்டா?” என்றார்.

புதன்கிழமை நானே நெத்திலி வாங்கி வந்தேன். அம்மா குழம்பு வைத்தார், ஆனால் கேரியரைத் தொடவில்லை. “நெத்திலியத் தூக்கிக்கினு சம்மந்தி வூட்டுக்குப் போவியா? அவங்க வூட்ல பூன கீதுன்னு நெனச்சியா? நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாத.”

வாசலில் அத்தை கேரியரைத் திறந்தார். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அத்தை உடனே மூடிவிட்டார்.

“இன்னா தம்பி, வூட்ல எதுனா கஷ்டமா?”

“கஷ்டம்லாம் இல்லத்த. பெரிய மீன் வேணாம்னுதான். அதுல விஷம் இருக்குது.”

அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. பாதரசம் என்றால் புரியாதோ என்று எளிமையாகச் சொல்ல நினைத்தேன். உள்ளே மாப்பிள்ளை நெய்துகொண்டிருந்த தறிச் சத்தம் நின்றது.

“அப்ப இத்தினி நாளா என் மருமவளுக்கு விஷத்தையா ஆக்கிக் குடுத்தனுப்புனீங்க?”

“ஐயோ, அப்படி இல்லத்த. கொஞ்சம் கொஞ்சமா சேரும். அதுவும் பெரிய மீன்ல மட்டும்...”

“மீனுல பெருசு இன்னா, சின்னது இன்னா? எல்லாம் ஒரே தண்ணிதானே?”

நெத்திலியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அன்றோடு அந்த வீட்டில் மீன் வாசனையே நின்றது. நடந்ததைக் கேட்ட அம்மா என்னோடு பேசுவதையும் நிறுத்தினார்.

பத்து நாள் தங்கை ரசம் சோறு சாப்பிட்டாள், வாந்தி எடுத்தாள், மறுபடி சாப்பிட்டாள். நான் போன் செய்து, “சின்ன மீன் சாப்பிடலாம்னு அத்தகிட்ட சொல்லு” என்பேன். “நீயே வந்து சொல்லுண்ணா, எழுந்து நிக்கவே முடியல” என்பாள். நானும் மூன்று முறை போய்ச் சொன்னேன், ஒரு முறை படம் வரைந்தும் காட்டினேன். அத்தை படத்தைப் பார்த்துவிட்டு, “நீ நல்லா வரையுற தம்பி” என்றார்.

நான்காவது முறை போனபோது நர்சம்மா வந்திருந்தார். மாதா மாதம் வீட்டுக்கே வந்து எடையும் பிரஷரும் பார்க்கிறவர். தங்கையை எடை மிஷினில் ஏற்றினார். முள்ளைப் பார்த்தார். இறங்கச் சொல்லி மறுபடி ஏற்றினார்.

“இன்னாமா இது, போன மாசத்த விட ரெண்டு கிலோ கொறஞ்சுகீது? இன்னா சாப்புடுற?”

“மீன் மட்டுந்தான் நின்னுது நர்சம்மா. இப்ப அதுவும் இல்ல.”

“ஏன் இல்ல?”

அத்தை என்னைக் காட்டினார். “அவங்க அண்ணன். படிச்ச புள்ள. மீனே ஆவாதுன்னு சொல்லிட்டாரு.”

நர்சம்மா என் பக்கம் திரும்பினார். “நீ இன்னா டாக்டருக்குப் படிச்சிருக்கியா? ரத்தம் கம்மியா கீற பொண்ணுகிட்ட மீன் வேணாம்னு சொல்லலாமாபா? அறிவு வேணாம்?”

மீன் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை என்று தொடங்கினேன். அவர் காதில் வாங்கவில்லை. அத்தையிடம், “பெரிய மீன தள்ளி வச்சிடுங்க. சுறா, வஞ்சரம்லாம் கொழந்தைக்கு ஆவாது. நெத்திலி, கவலை, காரப்பொடின்னு சின்ன மீனா நல்லா குடுங்க” என்றார்.

“அப்படிச் சொல்லுங்க! அதான பார்த்தேன்” என்றார் அத்தை. அரை நிமிடம்கூட ஆகவில்லை. எது பெரிசு எது சின்னது என்றோ, எல்லாம் ஒரே தண்ணிதானே என்றோ கேட்கவில்லை.

நர்சம்மா போனதும் அத்தை பையைக் கொடுத்து என்னையே கடைக்கு அனுப்பினார். கவலை வாங்கி வந்தேன். தங்கைக்குத் தட்டு வைத்தார்கள். யாரும் அவளைப் பார்க்காத மாதிரி இருந்தோம். மாப்பிள்ளை தறியிலிருந்து எழுந்து வந்து நூல் எதையோ தேடினார். அத்தை ஏற்கெனவே துடைத்த அடுப்பை மறுபடி துடைத்தார். அரை மணி ஆகியும் தங்கை கொல்லைப்புறம் ஓடவில்லை. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

“நர்சம்மா சொன்னா சொன்னதுதான்” என்றார் அத்தை.

“நானும் அதையேதான அத்த சொன்னேன்?”

“நீ எங்க சொன்ன? நீ விஷம்னு சொன்ன.”

தங்கை கண்ணைத் திறக்காமலே, “விடுண்ணா” என்றாள்.

வீட்டுக்கு வந்து, தங்கை சாப்பிட்டாள், சாப்பிட்டது நின்றது என்று சொன்னேன். அம்மா பத்து நாளுக்குப் பிறகு வாய் திறந்தார். “யாரு வாங்குன மீனு?”

“அத்ததான் காசு குடுத்தாங்க.”

அம்மாவின் முகம் போன போக்கு எந்த வகுப்பிலும் நான் பார்க்காதது. “தலப்பிரசவத்துக்கு என் பொண்ணுக்கு அவங்க மீனு வாங்கிப் போட்டாங்களா? தெருவே பாத்திருக்குமே! இனிமே இன்னா மீனு வேணும் அவளுக்கு?”

“நெத்திலி.”

“ரெண்டு கிலோ வாங்கு. கேரியர் ரொம்பி வழியணும்.”

குழந்தையின் மூளையைப் பற்றி நான் சொன்ன எதுவும் அவர் மனதில் நின்றதாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் குந்தி உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளினேன். ரெண்டு கிலோவில் எத்தனை நெத்திலி இருக்கும் என்பது கிள்ளிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.