தமிழில் கை வைக்காதீங்க

மறுமதிப்பீட்டு மனுவை மாணவரே எழுத வேண்டும் என்பது விதி. ஆனால் எங்கள் ஆவடி வட்டாரத்தில் அதை எழுதித் தருவது, கல்வி அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற நான்தான்.

அந்தத் தமிழாசிரியை வந்தபோது சேலையில் சாக்பீஸ் தூள். நோட்ஸை மனப்பாடம் செய்து எழுதும் கட்டுரையைத் திருத்தாமல் திருப்பித் தருவது அவர் வழக்கம். அவரை நம்பிச் சொந்தமாக எழுதிய மாணவிக்குப் பொதுத்தேர்வில் கட்டுரைக்குப் பாதி மதிப்பெண்தான் கிடைத்திருந்தது.

"மார்க் வரலைன்னா மத்த பசங்களும் நோட்ஸுக்கே போயிடும் சார்."

"கவலைப்படாதீங்கம்மா, எழுதித் தர்றேன்."

"அவளே எழுதிட்டா, இந்தாங்க மனு. நீங்க ரூல் மட்டும் பாருங்க, தமிழ்ல கை வைக்காதீங்க."

"‘பணிவுடன்’னு ஒரு இடத்துலகூட இல்லையே?"

"தப்பு பேப்பர் திருத்தினவங்க மேல. இவ எதுக்கு சார் கெஞ்சணும்?"

இரண்டு முறை படித்துவிட்டுப் பேனாவை மூடினேன். கட்டுரைக்கு முழு மதிப்பெண் என்று பதில் வந்த நாள், ஆடிப்பெருக்கு.