கனகசபை மாஸ்டரும் நான் போட்ட கையெழுத்துகளும்

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை பிற்பகல், பந்திங்கில் இப்போது நான் வேலை செய்யும் பள்ளிக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. கிள்ளானில் இருக்கும் என் பழைய பள்ளியிலிருந்து இளம் ஆசிரியர் சேகர் பேசினார். ஆசிரியர் கூட்டத்தின் நடுவே கனகசபை மாஸ்டர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தாராம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். யாராவது அவருடைய நெஞ்சை அழுத்திப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"யாருக்கும் கை வரல டீச்சர். தண்ணி தெளிச்சோம், தைலம் தேச்சோம். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னோம்."

அந்த அறையில் இருந்தவர்களில் பதினொரு பேரிடம், இதயம் நின்றவருக்கு முதலுதவி செய்யப் பயிற்சி பெற்றதற்கான சான்றிதழ் இருக்கிறது. அந்தப் பயிற்சியைக் கொடுத்தவர்தான் தரையில் கிடந்தார்.

மாஸ்டரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வீட்டார் வெளியிடும் இந்த நினைவு மலருக்கு, நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி பழைய பள்ளியின் தலைமையாசிரியர் என்னைக் கேட்டுக்கொண்டார். மாஸ்டரைப் பற்றிச் சொல்ல நல்லது எவ்வளவோ இருக்கிறது. எங்களைப் பற்றிச் சொல்லத்தான் ஒன்றும் இல்லை.

அவர் பிரிக்பீல்ட்ஸ்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவரின் மகன். தினமும் விடியற்காலை ரயிலேறிக் கிள்ளானுக்கு வந்துவிடுவார். உடற்கல்வி ஆசிரியர். வெள்ளைக் கான்வாஸ் காலணியில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. அவர் விசில் ஊதினால் பிள்ளைகள் மட்டுமல்ல, தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் நாங்களும் எழுந்து நிற்போம்.

எழுபதுகளின் இறுதியில் சாந்தி என்ற ஆறாம் வகுப்பு மாணவி, அஞ்சலோட்டப் பயிற்சியின்போது திடலில் விழுந்தாள். வயதுக்கு வந்த பெண் என்று ஆண் ஆசிரியர்கள் தொடத் தயங்கினார்கள். வீட்டுக்குப் போய்விட்ட பெண் ஆசிரியை ஒருவரைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்கள். பிறகு வாயில் சோடா ஊற்றி, வேனில் ஏற்றினார்கள். மருத்துவமனை போய்ச் சேருமுன் அவள் இறந்துவிட்டாள். பிறவியிலேயே அவளுக்கு இதயத்தில் கோளாறு இருந்ததாம், பெற்றவர்களுக்கே தெரியாது. நெஞ்சை அழுத்தினீர்களா என்று மருத்துவமனையில் டாக்டர் கேட்டாராம். அப்படி ஒன்று செய்யலாம் என்பதே மாஸ்டருக்கு அன்றுதான் தெரியும். தயங்கி நின்றவர்களில் தாமும் ஒருவர் என்பதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை.

அதன்பின் சனிக்கிழமைதோறும் முதலுதவிச் சங்கம் ஒன்றுக்குப் போய் அதைக் கற்றுக்கொண்டார். எங்கள் பள்ளியில் எல்லா ஆசிரியர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டார். ஒரு முறையா, இரண்டு முறையா? பல வருடங்கள் கேட்டார். பெற்றோர் பயப்படுவார்கள், புடவை கட்டிய டீச்சர்கள் ஆண்கள் முன்னால் மண்டிபோட முடியாது, தைப்பூசம் முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்று நாள் தள்ளிப்போனது. சொந்தச் செலவில் மாஸ்டர் ஒரு பொம்மை செய்தார். பழைய விளையாட்டுச் சட்டைக்குள் பஞ்சை அடைத்து, நெஞ்சுக்குள் மெத்தைக் கடை ஸ்பிரிங் வைத்துத் தைத்திருந்தார். அதை மண்டபத்தில் கிடத்தியதுமே தலைமையாசிரியரின் முகம் கறுத்துவிட்டது.

"நல்ல காரியம் நடக்குற எடம் மாஸ்டர். பொணத்தப் போட்ட மாதிரி இங்க எதுக்கு?"

பொம்மை விளையாட்டுச் சாமான் அறைக்குப் போனது. அங்கேதான் மாஸ்டர் எங்களை நாலு நாலு பேராகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொருவரும் ஒரு முறை பொம்மையை அழுத்தினோம், சிரித்தோம், புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தோம். அவர் சிரிக்கவில்லை.

"ஒருக்கால் செய்தாப் போதாது டீச்சர். கை பழக வேணும். அந்த நேரத்தில யோசிக்க ஏலாது."

மூன்று வாரங்களுக்குள் ஒவ்வொருவரும் தனியாகப் பத்து முறை பழக வேண்டும், பழகிய ஒவ்வொரு முறையும் தாளில் கையெழுத்திட வேண்டும் என்றார். தாள் நிறைந்தால் சங்கம் சான்றிதழ் கொடுக்கும். அந்தத் தாளை என் பொறுப்பில் விட்டார். மற்றவர்கள் ஏமாற்றினாலும் நான் ஏமாற்ற மாட்டேன் என்று நினைத்தார் போலும்.

சாமான் அறை புழுங்கும். பொம்மையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது என்றார்கள் சிலர். ஒருவருக்கு டியூஷன், இன்னொருவருக்குக் கல்யாணம். கடைசி வாரத்தில், "நம்ப பேருக்கும் ஒண்ணு போட்டு விடுங்க லா டீச்சர்" என்று ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். வருகைப் பதிவில் ஒருவருக்காக ஒருவர் போடுவது எங்களிடம் வழக்கம்தானே, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று உட்கார்ந்தேன். ஒரே கையில் எழுதியது தெரியக்கூடாது என்று நீலப் பேனா, கறுப்புப் பேனா என்று மாற்றி மாற்றிப் போட்டேன். என் பெயருக்கும் பத்து போட்டுக்கொண்டேன். வெட்கங்கெட்ட வேலை.

நிறைந்த தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மாஸ்டர் ஒவ்வொரு பெயராக விரலை வைத்துப் படித்தார். அவருடைய கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். மறுநாள் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு பெரிய பொட்டலம் வடையோடு ரயிலேறி வந்தார். எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். சான்றிதழ்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டினார்கள். தலைமையாசிரியர் அவற்றின் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார். இனி நம் பள்ளியில் ஒரு பிள்ளை விழுந்தால் பயமில்லை என்று மாஸ்டர் அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் போய்ச் சொன்னார். எங்களைக் காட்டித்தான் அவர்களிடமும் பயிற்சிக்கு அனுமதி கேட்டார்.

அதன்பின் எத்தனையோ விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. ஒரு பிள்ளையும் விழவில்லை. அது எங்கள் கெட்டிக்காரத்தனம் அல்ல. எனக்கு மாற்றல் வந்தது. அந்தத் தாளை நானும் மறந்துபோனேன்.

அழுத்தியிருந்தால் மாஸ்டர் பிழைத்திருப்பாரா? யாராலும் சொல்ல முடியாது என்றுதான் டாக்டரும் சொன்னாராம். அந்தப் பதிலில் ஒளிந்துகொள்ள என்னால் முடியவில்லை.

இறுதிச் சடங்கன்று பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் தலைமையாசிரியர் பேசினார். எங்கள் ஆசிரியர்கள் அத்தனை பேரையும் பயிற்றுவித்த மகான் என்றார். பதினொரு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பேச்சு முடிந்ததும் மாஸ்டரின் துணைவியார் பவானி அக்கா என் கையைப் பிடித்தார்.

"அங்க எல்லாரும் செய்து பாத்தவைதானே டீச்சர், அவர் சொல்லிக் குடுத்த மாதிரி?"

ஆமாம் அக்கா என்றேன். அவர் என் கையை விட்டுவிட்டுப் போய் மாஸ்டரின் நெற்றியைத் துடைத்தார். "அப்ப சரி. எல்லாரும் செய்தவையாம்" என்று அவரிடம் சொன்னார்.

பவானி அக்கா, நான் சொன்னது பொய். யாரும் செய்யவில்லை. யாருக்கும் தெரியவில்லை. தெரியும் என்று அவரை நம்ப வைத்த கையெழுத்துகள் முழுவதும் என்னுடையவை. இது அச்சில் வராவிட்டால் நானே கொண்டுவந்து உங்கள் கையில் தருகிறேன். மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

நிம்மதியாகப் போங்கள் மாஸ்டர் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அன்று உங்கள் சவப்பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும் என்றதும், பதினொரு பேரும் முந்திக்கொண்டு வந்தார்கள்.