சித்தியின் பாட்டை வெட்டிய சாயங்காலம்

கனகா சித்தி கட்டிப்பிடித்தால் ரோஸ் பவுடரும் ரயில் கரியும் சேர்ந்த ஒரு வாசனை வரும். அம்மாவின் தங்கை அவள், கோடம்பாக்கத்தில் சினிமாவுக்கு ஆடினாள். பிறந்த வீடு பள்ளிப்பட்டில் எங்களுக்கு அடுத்த தெருதான். ஆனாலும் 'கூத்தாட போனவ' தன் வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று மாமா, அதாவது அவர்களுடைய அண்ணன், கறாராகச் சொல்லிவிட்டதால், சித்தி எங்கள் வீட்டோடு திரும்பிவிடுவாள். அம்மாவுக்கு அது ஆறவே இல்லை.

கதாநாயகிக்குப் பின்னால், மூன்றாவது வரிசையில் கூடை சுமந்து ஆடத் தொடங்கியவள் சித்தி. மவுண்ட் ரோடில் இங்கிலீஷ் டான்ஸ் படம் வந்தால் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் உட்கார்ந்து, வெள்ளைக்காரனின் காலை மட்டுமே பார்த்துவிட்டு வருவாளாம். எங்கள் வீட்டு சிமெண்ட் தரையில் அப்பாவின் பூட்ஸை மாட்டிக்கொண்டு, குதிகாலாலும் நுனியாலும் தாளம் தட்டும் அந்த 'செருப்பு டான்ஸை' அவள் ஆடிக்காட்டும்போது, அப்பாவே காப்பி ஆறுவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் டான்ஸ் மாஸ்டருக்கு உதவியாளானாள். ஒருமுறை மாஸ்டர் காய்ச்சலில் படுத்துவிட, ஒரு பாட்டு முழுவதையும் அவளே அமைத்து, கதாநாயகியின் தோழியாக லாரிமேல் நின்று அந்தச் செருப்பு டான்ஸையும் ஆடிவிட்டாள்.

அந்தப் படம் எங்கள் ஊர் 'டெண்ட் கொட்டாய்'க்கு வந்தபோது அம்மா வீடு வீடாகப் போய் அழைத்தாள், மாமா வீட்டைத் தவிர. பெண்கள் பக்கத்து மணல் நிரம்பி வழிந்தது. ஆனால் அடுத்த ஆட்டத்துக்கு நேரமானால் பாட்டை வெட்டிவிடுவது அந்தக் கொட்டாயின் வழக்கம். லாரி வந்தது, கதாநாயகி ஏறினாள், மறு நிமிடம் கோர்ட்டில் நின்று அழுதுகொண்டிருந்தாள். சித்தியைக் காணோம். யாரோ சிரித்தார்கள்.

படம் முடிந்ததும் அம்மா திரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். அடுத்த ஆட்டத்துக்கு ஜனம் காத்திருக்கிறது என்று கொட்டாய்க்காரர் கெஞ்சிப் பார்த்தார்.

"என் தங்கச்சி ஆடுனத போடு. பாத்துட்டு போறோம்" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

வேறு வழியில்லாமல் அந்த ரீலை மட்டும் ஓட்டினார்கள். சித்தி லாரிமேல் ஏறி முதல் தட்டு தட்டினாள். அப்போது ஆண்கள் பக்கத்தில் ஒருவன் எழுந்து நின்று மறைத்தான். பின்வரிசை இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"குந்துப்பா. எங்க ஊட்டுப் பொண்ணு ஆடுது, தெரியல?"

மாமாவின் குரல். அவர் எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடுத்த முறை சித்தி வந்தபோது பஸ் ஸ்டாண்டுக்கே போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டவர் மாமாதான். எங்கள் தெருவுக்குத் திரும்பாமல் நேராகத் தன் வீட்டுக்கு நடந்தார்.

இப்போது அந்தக் கொட்டாயும் இல்லை, சித்தியும் இல்லை. படத்தின் பிரதிகூட எங்கும் கிடைக்கவில்லை. டைட்டிலில் மாஸ்டர் பெயர்தான் போட்டிருந்தார்கள். போடட்டுமே. பள்ளிப்பட்டில் என் வயதுக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், அது எங்கள் கனகா போட்ட டான்ஸ் என்பார்கள்.