மோகனூர்க் கத்தரிக்காயும் பதினைந்து நாள் விதியும்

மாசி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை ஆறேகால் மணி. சேலம் ஜங்ஷனில் மெயில் வண்டி என்னை இறக்கிவிட்டபோது என்னோடு மூன்று சாமான்கள் இறங்கின. படுக்கைச் சுருளையும் டிரங்குப் பெட்டியையும் போர்ட்டர் எடுத்துக்கொண்டான். வைக்கோல் திணித்த மரப்பெட்டியை மட்டும் நான் அவனைத் தொடவிடவில்லை. அதில் இருபத்துநான்கு கண்ணாடி ஜாடிகளும், ஒரு ஸ்பிரிட் விளக்கும், இரண்டு புட்டி அமிலமும் இருந்தன. கல்யாண வீட்டுக்குச் சீர் கொண்டுபோகிறவனைப் போல அதை மடியில் வைத்துக்கொண்டு ஜட்காவில் ஏறினேன். பஸ் நிற்கும் இடத்துக்கு ஆறணா கேட்டான், கொடுத்தேன்.

போகிற காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். உணவுப் பண்டங்களைச் சோதிப்பது என் உத்தியோகம். சென்னையில் ஒரு ரசாயனச் சாலையில் உட்கார்ந்து பாலில் தண்ணீரையும் நெய்யில் மிருகக் கொழுப்பையும் தேடிக்கொண்டிருந்தவனை, கத்தரிக்காயின் பக்கம் திருப்பிவிட்டார்கள். கத்தரி இலையைச் சல்லடையாக்கும் புள்ளி வண்டைக் கொல்ல இப்போது ஈயப் பாஷாணம் என்ற வெள்ளை மாவு வந்திருக்கிறது. அதைச் சாம்பலோடு கலந்து, மெல்லிய துணியில் மூட்டை கட்டி, செடிமேல் தட்டிக்கொண்டே போகிறார்கள். வண்டு சாகிறது. மாவு காயின்மேலும் படிகிறது. எவ்வளவு படிந்தால் மனிதன் தாங்குவான் என்று நம் ராஜதானியில் சட்டம் ஏதும் இல்லை. சீமையில் ஒரு ராத்தல் பண்டத்துக்கு ஒரு கிரெயினில் நூறில் ஒரு பங்கு பாஷாணம்தான் எல்லை என்கிறார்கள். ஒரு குன்றிமணியை ஏறக்குறைய இருநூறு துண்டு செய்தால் அதில் ஒரு துண்டு. அந்த எல்லையை இங்கேயும் வைத்துக்கொண்டு, மருந்து தூவிய காய் எத்தனை நாளில் அதற்குக் கீழே இறங்குகிறது என்று பார்த்தேன். பதினைந்து நாள் என்று வந்தது. "மருந்து தூவிய பதினைந்து நாளுக்குள் காயை விற்கக் கூடாது" என்று நகல் விதி எழுதினேன். அந்த ஒரு வரியை எழுதியதில் எனக்கு உண்டான கர்வம் கொஞ்சமல்ல. சட்டமாக்குவதற்கு முன்னால், காவிரிக்கரையில் மோகனூரை ஒட்டிய சில தோட்டங்களில் ஒரு போகம் நடத்திப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஜனங்கள் அதன்படி நடக்கிறார்களா என்று பார்த்து, காய் மாதிரி எடுத்து வருவதுதான் என் பயணம்.

எட்டு மணி. நாமக்கல் பஸ் முப்பத்திரண்டு மைல் தூரத்துக்குப் பன்னிரண்டணா வாங்கிக்கொண்டு, நிறைந்த பிறகும் இன்னும் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. ராசிபுரத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார்கள். அங்கே இரண்டு நெய் டின்களோடு ஒரு வியாபாரி ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் பெட்டியின் இடுக்கில் தெரிந்த ஜாடிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எந்த ஊர், என்ன உத்தியோகம் என்று மெதுவாக விசாரித்தார். பண்டங்களைச் சோதிக்கிறவன் என்றேன். அடுத்த நிறுத்தத்தில் அவர் டின்களோடு இறங்கிக்கொண்டார். கண்டக்டர் சிரித்துக்கொண்டே, "ஏனுங்க, அவரு நாமக்கல்லுக்குத்தானுங்க சீட்டு வாங்குனாரு" என்றான். அந்த நெய்யைப் பற்றி நான் தவறாக நினைக்கவில்லை. ஜாடியைக் கண்டால் யோக்கியனும் கொஞ்சம் தள்ளித்தான் உட்காருவான். எனக்கு நீட்டி உட்கார இடம் கிடைத்தது.

பதினொன்றரைக்கு நாமக்கல். ஒற்றைப் பாறையையும் அதன்மேல் கோட்டையையும் கீழிருந்தே பார்த்துக்கொண்டு ஒரு சாப்பாட்டுக் கிளப்பில் சாப்பிட்டேன். சாப்பாடு மூன்றணா. கத்தரிக்காய்ப் பொரியல் வைத்தார்கள். தொழில் தோஷம், அதை ஒதுக்கிவிட்டேன். பிறகு மோகனூருக்குப் பதினொரு மைல் மாட்டுவண்டி. ஒரு ரூபாய். மாடுகள் நல்ல மாடுகள். வண்டிக்காரருக்குத்தான் வழியில் தெரிந்தவர்கள் அதிகம். பொழுது சாயும்போது சத்திரத்தில் இறங்கினேன்.

புதன்கிழமை காலை ஏழு மணி. ஜேடர்பாளையத்திலிருந்து வரும் ராஜ வாய்க்காலின் கரையோடு ஒன்றரை மைல் நடந்தால் பெரியசாமிக் கவுண்டரின் தோட்டம். ஐம்பது வயது இருக்கும். நேரான முதுகு, குறைவான பேச்சு. எங்கள் விதியை முதலில் ஏற்றுக்கொண்டவர் அவர்தான் என்று கேள்விப்பட்டிருந்தேன். மோர் கொடுத்து உபசரித்துவிட்டு, மருந்து தூவி அன்றோடு எட்டு நாள் ஆகிறது என்றார்.

"நீங்க எழுதி உட்டபடி ஒரு காய் சந்தைக்குப் போகலீங்க. ஒரு வாரச் சந்தை தவறிப்போச்சு. இருக்கட்டுமுங்க" என்றார்.

எனக்கு நெஞ்சு நிறைந்தது. நான் சென்னையில் மேஜைமேல் எழுதிய ஒரு வரிக்கு, இருநூறு மைலுக்கு அப்பால் ஒரு மனிதர் சந்தையை விட்டுக்கொடுத்திருக்கிறார். ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு பாத்தியில் இறங்கினேன். இரண்டு பாத்தி நடந்த பிறகுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. எட்டு நாள் பறிக்காத கத்தரிச் செடியில் முற்றிப்போன காய் தொங்க வேண்டும், மஞ்சள் ஏறியிருக்க வேண்டும். இங்கே பிஞ்சும் பூவும் இளங்காயுமாகச் செடிகள் சுத்தமாக இருந்தன. யாரோ முறையாகப் பறித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் காயை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கவுண்டர் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"பறிக்காம உட்டா காப்பு நின்னு போகுமுங்க. அதனால பறிச்சு சனங்களுக்குக் குடுத்தர்றதுங்க. நாங்க எப்பவுமே முதல் பறிப்பை விக்கறதில்லீங்க, ஊட்டுக்கும் எடுக்கறதில்லீங்க. தோட்டத்துல பாடுபடறவங்களுக்குத்தான். இப்ப மருந்து தூவுன பொறவு வர்ற பறிப்பையும் அதே கணக்குல வெச்சுக்கிட்டோமுங்க."

விற்கக் கூடாது என்று எழுதியிருந்தேன். அவர் விற்கவில்லை, தானம் செய்துவிட்டார். இந்தப் பக்கம் நாலைந்து தோட்டங்களிலும் அதே ஏற்பாடுதான். விதியால் ஏதோ புண்ணியம் சேர்கிறது என்றுகூட அவர்களுக்கு ஒரு திருப்தி இருந்தது. ஜாடியை வரப்பில் வைத்துவிட்டேன்.

வரப்பின் முடிவில் நாலு பெண்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள். அதில் நல்லம்மா என்பவளின் மடியில் அன்றைய காய் நிறைந்திருந்தது. முப்பது வயதுக்காரி. வீட்டில் புருஷனும், மாமியாரும், மூன்று குழந்தைகளும். இந்த மாதத்தில் கேழ்வரகுக் களிக்குத் தொட்டுக்கொள்ள இந்தக் கத்தரிக்காயைத் தவிர வேறு கிடையாது என்றாள். உடம்புக்கு எப்படி என்று விசாரித்தேன். ஒரு வாரமாகத் தெருவில் பாதிப் பேருக்கு வயிற்று வலியும் வாந்தியும், மாமியாருக்குப் பாதம் மரத்துப்போகிறது, வாய்க்காலில் வந்த புதுத் தண்ணீர்தான் காரணம் என்று தினமும் காய்ச்சிக் குடிக்கிறோம் என்றாள். தண்ணீரைக் காய்ச்சி, அந்தத் தண்ணீரில் இந்தக் காயை வேகவைத்திருக்கிறார்கள்.

"நல்லாக் கழுவித்தானுங்க சாமி ஆக்கறோம்" என்றாள்.

காலை பத்து மணி. களத்தில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினேன். அவள் கையாலேயே மூன்று காயைக் கழுவச் சொன்னேன். வீட்டில் கழுவுவதுபோலவே தேய்த்துக் கழுவினாள். காம்பையும் தோலையும் நறுக்கி, அமிலத்தில் போட்டு, பளபளப்பான செப்புத் துண்டு ஒன்றை அதில் இட்டுக் கொதிக்கவைத்தேன். பாஷாணம் இருந்தால் செம்பு கறுக்கும். மருந்து தூவாத கிணற்றடிப் பாத்தியின் காயை இன்னொரு கிண்ணத்தில் வைத்தேன். கிணற்றடிக் காயில் செம்பு செம்பாகவே இருந்தது. நல்லம்மா கழுவிய காயில் அது சாம்பல் நிறமாகி, பிறகு கறுத்தது. குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்த கவுண்டர் எழுந்து நின்றார். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் இன்னும் ஏறவில்லை.

நான் வெட்கத்தோடு என் நோட்டை எடுத்து, 'விற்கக்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'பறிக்கக்' என்று எழுதினேன். "மருந்து தூவிய பதினைந்து நாளுக்குள் காயைப் பறிக்கக் கூடாது." எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தேன். தப்பைத் திருத்திவிட்ட நிம்மதி எனக்கு. அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

"அப்ப அந்தப் பதினஞ்சு நாளைக்கு எங்களுக்குக் கூலியும் இல்லீங்க, காயும் இல்லீங்க. வெசம்னாலும் ஆறு சனத்துக்கு ஒரு வேளை கறியாச்சேங்க சாமி" என்றாள் நல்லம்மா.

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னாள். ஒரு ராத்தலுக்கு எத்தனை கிரெயின் என்று தெரிந்தவனுக்கு, ஒரு குடும்பம் எத்தனை நாள் வேலையில்லாமல் தாங்கும் என்பது தெரியாது. என் படிப்பின்மேல் எனக்கே அன்று எரிச்சல் வந்தது.

கவுண்டர் வீட்டுப் பக்கம் போய்விட்டார். மத்தியானம் முழுவதும் வரவில்லை. கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு விடைபெறப் போனபோது, தோட்டத்து மூலையில் ஆளுயரத்துக்கு ஒரு குழி வெட்டியிருந்தது. பக்கத்தில் பூசணிக்காயும் அவரைக்காயும் குவிந்திருந்தன. பெண்கள் வழக்கம்போலப் பறித்தார்கள். கூடை நிறைந்ததும் குழிக்குக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்துவிட்டார்களே தவிர, கொட்ட யாருக்கும் கை வரவில்லை. கரும்பச்சையில் வெள்ளை வரியோடிய காய்கள், கண்ணுக்கு எந்தக் குறையும் இல்லாதவை. மாட்டுக்காவது போடலாமா என்று நல்லம்மா என்னைக் கேட்டாள். கூடாது என்றேன். கடைசியில் கவுண்டரே முதல் கூடையை வாங்கிக் கவிழ்த்தார். பிறகுதான் மற்றவர்கள் கொட்டினார்கள். பூசணியும் அவரையும் அவர்கள் மடிக்குப் போயின. கூலியில் குறைவில்லை.

வண்டி வரை என்னோடு நடந்து வந்தார் கவுண்டர். நேற்று மத்தியானம் முழுவதும் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் பேசிப் பார்த்ததாகச் சொன்னார். பறிக்கவும் கூலி கொடுத்து, காயையும் புதைத்து, வேறு காயும் கொடுக்க யார் சம்மதிப்பார்கள்? சர்க்கார் எழுத்தில் விற்கக் கூடாது என்றுதானே இருக்கிறது, நாங்கள் விற்கவில்லையே என்று கேட்டார்களாம்.

"நான் ஒருத்தன் செஞ்சுருவனுங்க. ஊரெல்லாம் செய்யோணும்னா அது எழுத்துல இருக்கோணுங்க. பறிச்சுக் குழியில போடோணும், பறிச்சவங்களுக்குக் கூலி குடுக்கோணும். இந்த ரெண்டையும் சேர்த்து எழுதிருங்க."

எழுதுகிறேன் என்று சொன்னேன். அவர் அதை நம்பித் தலையசைத்தார். வாழ்நாளில் நான் கொடுத்த வாக்குகளில் அவ்வளவு மனமுவந்து கொடுத்தது வேறு இல்லை. திரும்பும் பஸ்ஸில், ராசிபுரம் தாண்டுவதற்குள், 'பறிக்கக்' என்பதை 'யாருக்கும் கொடுக்கக்' என்று மாற்றி, இரண்டு வரிகளையும் அழகான கையெழுத்தில் நகலில் சேர்த்துவிட்டேன்.

சென்னையில் என் மேலதிகாரி நல்ல மனிதர். நான் சொன்னதை முழுவதும் கேட்டார், செப்புத் துண்டையும் வாங்கிப் பார்த்தார். பிறகு சிவப்பு மையை எடுத்து முதலில் கூலி வரியை அடித்தார். அது நம் இலாகா அல்ல. அடுத்துக் குழி வரியை அடித்தார். கலப்படச் சட்டம் விற்பனையைப் பற்றியது. ஒருவர் தன் தோட்டத்தில் எதைப் பறிக்கிறார், பறித்ததை யாருக்குச் சும்மா கொடுக்கிறார் என்பதில் சட்டம் தலையிட முடியாது என்றார். நான் வாதாடிப் பார்த்தேன். குரல் உயர்ந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். 'யாருக்கும் கொடுக்கக்' என்பதற்கு மேல் 'விற்கக்' என்று மறுபடியும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னுடைய பழைய வரி அப்படியே மேலே போயிற்று.

கவுண்டருக்குக் கடிதம் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். க்ஷேமம் வரை எழுதுகிறேன். அதற்குமேல் ஓடவில்லை.

நேற்று வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு. மார்க்கெட்டில் இப்போது நல்ல காய் வருகிறது, பயமில்லாமல் சாப்பிடலாமா என்று என் மனைவி கேட்டாள். சாப்பிடலாம் என்றேன். அது பொய்யில்லை. விலை கொடுத்து வாங்குகிற நம்மிடம் வருவது பதினைந்து நாள் கழித்துப் பறித்த காய். அதற்கு முந்தின பதினைந்து நாளின் காயை மோகனூரில் சும்மா வாங்கிக்கொண்டவர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.