ஓட ஓட அடங்கும் என்றாள்

உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் மறுபடியும் வந்தது. கிறீச்... கிறீச்... கூடத்தில் உட்கார்ந்திருந்த எலும்பு டாக்டர், தேநீர்க் கோப்பையை வாயருகே கொண்டுபோனவர், அப்படியே நிறுத்தினார்.

"கட்டில் சத்தமா?"

"இல்லீங்க. என் வீட்டுக்காரர் நடந்து வர்றார்" என்றாள் அவள். நேற்று எடுத்த எக்ஸ்ரேயோடு டாக்டர் நேரிலேயே வந்திருந்தார்.

எட்டு மாதத்துக்கு முன் அவர் இடுப்பு மூட்டில் வைத்த எஃகு உருண்டையின் சத்தம் அது. மேலே பொன்னிறத்தில் பீங்கான் பூச்சு. இருபது வருடம் பஸ்ஸில் நின்றே பிழைத்த கண்டக்டர், "இனிமே நான் தங்க இடுப்புக்காரன், மரியாதையா பேசுடி" என்று அன்றைக்கு எப்படிச் சிரித்தார்!

பூச்சைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? பூச்சுத் தொழிற்சாலையில் தேய்மானச் சோதனைதான் அவள் வேலை. சுழலும் தட்டின் மேல் ஊசியை அழுத்திவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். புதுப் பூச்சு முதலில் கத்தும். மேடுபள்ளம் மழுங்கியதும் அடங்கிவிடும். அடங்காமல் கத்தினால் பூச்சு பெயர்ந்துவிட்டது என்று பொருள். பெயர்ந்த துகள் எஃகைவிடக் கடினம். மிச்சத்தையும் அதுவே அரைத்துத் தின்றுவிடும். அந்த நொடியே பெருவிரலால் சிவப்புப் பொத்தானை அமுக்கி இயந்திரத்தை நிறுத்த வேண்டும்.

நான்கு மாதத்துக்கு முன் முதல் கிறீச் கேட்டபோது, பாவி, அவள்தான் சொன்னாள்: "புதுசுல அப்படித்தான் கத்தும். நடங்க, ஓட ஓட அடங்கிடும்." அவரும் தினம் மொட்டை மாடியில் நாற்பது சுற்று நடந்தார்.

கணவர் வந்து உட்கார்ந்தார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இந்தச் சத்தம் எப்ப இருந்து?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "போன வாரம்தான் சார்."

"போன வாரமா? பூச்சு பெயர்ந்து, சுத்தியிருக்கிற எலும்பெல்லாம் அந்தப் பொடியால அரிச்சுப் போயிருக்கே! மூணு நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா வேற மூட்டு மாத்தியிருப்பேன். இப்ப புதுசு வெச்சாலும் பிடிச்சு நிக்க எலும்பு இல்ல. நடையைக் குறைச்சுக்குங்க. கொஞ்ச நாள்ல தானாவே நின்னுடும்."

"சத்தமா சார், நடையா?" என்றார் கணவர்.

டாக்டர் எழுந்து போய், வாசலில் குனிந்து செருப்பை மாட்டினார்.

"ஏங்க பொய் சொன்னீங்க?" அவள் கணவரின் காதருகே குனிந்து கேட்டாள்; குரல் உடைந்தது.

"அழாதடி. ஊரு மெச்சுற காது உன்னுது. ஒரே ஒரு தடவை தப்பாக் கேட்டுச்சு, அது நம்ம வீட்டோட இருக்கட்டும்."

அவர் எழுந்தார்.

"நீங்க உக்காருங்க" என்றார் டாக்டர்.

"வந்தவங்கள வாசல் வரைக்கும்கூட விடலைன்னா எப்படி சார்?"

கிறீச். கிறீச். வாசலுக்கு ஏழு அடி. அவள் பெருவிரல் மேசையின் மரத்தை அமுக்கியது, அமுக்கிக்கொண்டே இருந்தது. டாக்டர் படியிறங்கிப் போனார். கணவர் கதவைச் சாத்தினார்.